குணமாகிவிட்டது என்று சொல்லாத மருத்துவர்

செட்டிப்பூசத்தன்று விடியற்காலையில் ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட்டில் நின்றிருப்பவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். கோவில் வீட்டு வாசலில் வெள்ளி ரதம் புறப்படத் தயாராக நிற்கும். சாலையோரம் தேங்காய்கள் மலைபோல் குவிந்திருக்கும். நாதஸ்வரமும் மேளமும் சேர்ந்து ஒலிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் என் அம்மா மயங்கி விழுந்தார்.

அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. தேங்காய் துருவுவது, துணி பிழிவது எல்லாம் எங்கள் வேலையாகிவிட்டன. ஒன்றரை ஆண்டாக அவர் பிரெட்னிசோலோன் என்ற மாத்திரையை, ஒன்று 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு சாப்பிட்டு வந்தார். வலி குறைந்தது. ஆனால் முகம் உப்பி வட்டமாகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், அது ஸ்டீராய்டு மருந்து, உடம்பைக் கெடுத்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆண்டு அம்மாவுக்குப் பால்குட வேண்டுதல் இருந்தது. விரதம் தொடங்கிய அன்றே, எங்கள் யாரிடமும் சொல்லாமல், இரண்டு மாத்திரைகளையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்.

சில நாள்களில் அவருக்குச் சோறு பிடிக்கவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றியது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்றார். குமட்டலும் சேர்ந்தது. எல்லாம் விரதத்தால் வந்த அசதி என்றுதான் வீட்டில் நினைத்தோம். ரதம் புறப்படும் நேரத்தில் அவர் சரிந்து விழுந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அவசரப் பிரிவில் இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். நான் வீட்டுக்கு ஓடிப்போய்த் தேடினேன். தொடாத மாத்திரை அட்டைகள் சீரக டப்பாவுக்குப் பின்னால் இருந்தன. அதைக் கண்டதும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார்கள், நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். அன்று மாலையே அம்மா எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டார்.

அப்போது நான் எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். மருந்து வாங்கும் முகப்பில் இருந்த மருந்தாளர் அக்கா என்னிடம் கால் மணி நேரம் பேசினார். இந்த மருந்தை நிறுத்தலாம், ஆனால் படிப்படியாக இறங்க வேண்டும் என்று விளக்கினார். இந்த மருந்துக் குடும்பத்தை முதன்முதலில் மூட்டுவலிக்காரருக்குக் கொடுத்துப் பார்த்தவர் பிலிப் ஹென்ச், முடிந்தால் அவரைப் பற்றிப் படித்துப் பார் என்றும் சொன்னார். படித்தேன். இப்போது மருந்தியல் மாணவனாக இருக்கும் எனக்கு அந்த வாழ்க்கை மறக்கவே இல்லை.

காது கொடுத்துக் கேட்டவர்

பிலிப் ஷோவால்டர் ஹென்ச் 1896 பிப்ரவரி 28ஆம் தேதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்கு அண்ணப் பிளவு இருந்தது. அதனால் பேச்சு தெளிவாக வராது. பேச்சில் குறை உள்ள பிள்ளையைப் பின் இருக்கையில் உட்கார வைத்துவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஹென்ச் அப்படி ஒதுங்கவில்லை. பிற்காலத்தில் பெரிய மருத்துவ மாநாடுகளில் நின்று பேசியவர் அவர்.

லஃபாயெட் கல்லூரியில் 1916இல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின்போது இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். பிறகு படிப்பை முடிப்பதற்காகச் சேமப்படைக்கு மாற்றப்பட்டு, 1920இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவரானார். அடுத்த ஆண்டு மின்னசோட்டா மாநிலத்தின் ரோசெஸ்டர் என்ற சிற்றூரில் இருந்த மேயோ கிளினிக்கில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அதன் பிறகு பணி ஓய்வு பெறும்வரை அவருடைய முகவரி அதுதான். 1926இல் அங்கே மூட்டுவாத நோய்ப் பிரிவின் தலைவரானார். அப்போது அவருக்கு முப்பது வயது.

அந்தக் காலத்தில் மூட்டுவாதப் பிரிவு என்றால் யாருக்கும் பெரிய ஆர்வம் கிடையாது. முடக்குவாதம் ஒருமுறை வந்தால் திரும்பாது, மூட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு நோயாளி கட்டிலோடு முடங்குவார் என்பதுதான் பொது நம்பிக்கை. ஆஸ்பிரின் கொடுப்பார்கள், ஓய்வெடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

1929 ஏப்ரல் 1ஆம் தேதி ஹென்சிடம் ஒரு நோயாளி வந்தார். அவருக்கு வயது 65. அவரும் ஒரு மருத்துவரே. பல ஆண்டு முடக்குவாதம். அவர் ஒரு விந்தையைச் சொன்னார். தனக்கு மஞ்சள் காமாலை வந்ததாம், வந்த மறுநாளே மூட்டுவலி குறையத் தொடங்கிவிட்டதாம். காமாலை நான்கு வாரம் இருந்தது. ஆனால் வலியில்லாத நிலை ஏழு மாதம் நீடித்தது.

வேறொருவராக இருந்தால் தற்செயல் என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். ஹென்ச் அதைக் குறித்து வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தன்னிடம் வரும் முடக்குவாத நோயாளிகளிடம் இதே கேள்வியைக் கேட்டார். இன்னும் சிலருக்கும் அப்படி நடந்திருந்தது. கருவுற்ற பெண்கள் பலருக்கு அந்த மாதங்களில் மூட்டுவலி தணிவதையும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் அது திரும்புவதையும் கவனித்தார்.

பத்தொன்பது ஆண்டுத் தேடல்

இந்தக் குறிப்புகளிலிருந்து ஹென்ச் எடுத்த முடிவு முக்கியமானது. வலி தானாகவே தணிய முடியுமானால், இந்த நோய் திரும்பாத பாதை அல்ல. காமாலையிலும் கர்ப்பத்திலும் உடம்புக்குள் ஏதோ ஒரு பொருள் கூடுகிறது. அதுதான் வலியை அடக்குகிறது. பெயர் தெரியாத அந்தப் பொருளுக்கு அவர் எக்ஸ் என்று பெயர் வைத்தார்.

பித்த உப்புகளைக் கொடுத்துப் பார்த்தார். காமாலை உள்ளவரின் இரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. ஆனால் காமாலை ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். கர்ப்பமோ பெண்ணுக்கு மட்டும். ஆகவே எக்ஸ் பித்தநீரும் அல்ல, பெண்மைக்கு மட்டும் உரிய சுரப்பும் அல்ல, இருபாலருக்கும் பொதுவான ஒரு ஹார்மோன் என்று ஊகித்தார். துப்பறியும் கதையில் ஒவ்வொரு ஆளாக நீக்கிக் குற்றவாளியை நெருங்குவதுபோல் அவர் நெருங்கினார். ஹென்ச் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் தீவிர ரசிகர், அது தொடர்பான பொருள்களைத் தேடிச் சேகரித்தவர் என்று படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை.

அதே மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் இருந்தார். நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போட்டதுபோல் இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு. அட்ரீனல் சுரப்பி என்பார்கள். அதன் புறணியிலிருந்து பல பொருள்களைக் கெண்டல் பிரித்தெடுத்து, ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டு வந்தார். 1935இல் கிடைத்த ஒன்று இ கூட்டுப்பொருள். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ததேயுஸ் ரைக்ஸ்டைன் என்பவரும் தனியாக இதே பொருளைக் கண்டறிந்தார்.

1941 ஜனவரியில் ஹென்சும் கெண்டலும் பேசி, இ கூட்டுப்பொருளை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். கொடுக்கப் பொருள்தான் இல்லை. மாட்டின் சுரப்பிகளிலிருந்து கிடைத்தது சோதனைக்கே போதவில்லை. இரண்டாம் உலகப் போரும் குறுக்கிட்டது. ஹென்ச் இராணுவத்துக்குப் போய், ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்த இராணுவ மருத்துவமனையில் மூட்டுவாத மையத்தை நடத்தினார். இதற்கிடையில் ஜெர்மன் விமானிகள் அட்ரீனல் சாற்றை ஏற்றிக்கொண்டு மிக உயரத்தில் பறக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அந்த வதந்தியே அமெரிக்க அரசை இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க வைத்தது. 1944இல் மெர்க் நிறுவனத்தின் இளம் வேதியியலாளர் லூயிஸ் சாரட், மாட்டுப் பித்தநீரிலிருந்து தொடங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் கடந்து, இ கூட்டுப்பொருளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். மனிதருக்குக் கொடுக்கும் அளவில் சில கிராம் கிடைக்க 1948 ஆயிற்று.

ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கு

அந்த ஆண்டு ஜூலையில் 29 வயதுப் பெண் ஒருவர் மேயோ கிளினிக்கில் சேர்க்கப்பட்டார். முடக்குவாதத்தால் நடக்க முடியாத நிலை. வேறு சிகிச்சை எதுவும் பலிக்கவில்லை. குணமாகாமல் வீடு திரும்பமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். ஹென்ச் மெர்க் நிறுவனத்துக்கு எழுதி இ கூட்டுப்பொருளை வாங்கினார். 1948 செப்டம்பர் 21ஆம் தேதி முதல் ஊசி, 100 மில்லிகிராம், போடப்பட்டது.

சில நாள்களிலேயே விறைப்பு தளர்ந்தது. அவர் கட்டிலில் தானாகப் புரண்டார். எழுந்து நடந்தார். செப்டம்பர் 28ஆம் தேதி கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். ஒரு நாள் வலி இல்லாமல் அம்மா பாசாருக்குப் போய் வந்தபோது எங்கள் வீட்டில் இருந்த மகிழ்ச்சியை நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் வீட்டாருக்கு எப்படி இருந்திருக்கும்!

இந்த இடத்தில் ஹென்ச் செய்ததைக் கவனிக்க வேண்டும். அவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிடவில்லை. ஹென்ச், கெண்டல், சார்ல்ஸ் ஸ்லோகம்ப், ஹோவர்ட் பாலி ஆகிய நால்வரும் மேலும் சில நோயாளிகளுக்கு மருந்தைக் கொடுத்தார்கள். நிறுத்திப் பார்த்தார்கள், திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழு மாதம் கழித்து, 1949 ஏப்ரலில்தான் முடிவுகளை வெளியிட்டார்கள். படியேற முடியாதவர் ஏறுவதைப் படச்சுருளில் பார்த்த மருத்துவர்கள் எழுந்து கை தட்டினார்கள். இ கூட்டுப்பொருளை இ விட்டமின் என்று மக்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கார்ட்டிசோன் என்ற புதுப் பெயரும் வைத்தார்கள். 1950இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. தன் பங்கில் ஒரு பகுதியை, தன்னோடு பணியாற்றிய கன்னியாஸ்திரி தாதி ஒருவர் ரோமாபுரி சென்று போப்பாண்டவரைக் கண்டு வர ஹென்ச் கொடுத்தார்.

மருந்தின் மறுபக்கம்

பத்திரிகைகள் கார்ட்டிசோனை அற்புத மருந்து என்று கொண்டாடின. நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். ஆனால் ஹென்ச் குணம் என்ற சொல்லைப் பயன்படுத்த மறுத்தார். இந்த மருந்து நோயின் காரணத்தை நீக்குவதில்லை, அதன் தீயை அடக்கி வைக்கிறது, நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நோய் திரும்புகிறது என்று தொடக்கத்திலிருந்தே சொன்னார். 1950 டிசம்பரில் நோபல் உரை ஆற்றியபோதும் மருந்தின் பாதகங்களைச் சேர்த்தே பேசினார்.

முதல் நோயாளிகளிடமே அந்தப் பாதகங்கள் தெரிந்துவிட்டன. முகம் நிலாப்போல் வட்டமானது. உடம்பில் நீர் கோத்தது. மனநிலை மாறியது. நாளுக்கு 100 மில்லிகிராம் கார்ட்டிசோன் என்பது இன்றைய பிரெட்னிசோலோன் கணக்கில் 20 மில்லிகிராம். அதை மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், காயம் ஆறத் தாமதமாகும் என்பது பிறகு தெளிவாயிற்று.

இன்னொரு ஆபத்தின் தடயம் கார்ட்டிசோன் நோயாளிகளிடம் வருவதற்கு முன்பே கெண்டலின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்திருந்தது. 1937இல் டுவைட் இங்கிள் என்ற ஆய்வாளரும் கெண்டலும் எலிகளுக்கு அட்ரீனல் சாற்றை அதிகமாகக் கொடுத்தார்கள். எலிகளின் சொந்த அட்ரீனல் புறணி சுருங்கிப் போனது.

மனிதரிடத்தில் இதன் பொருள் என்ன என்பதை 1952இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் அறிக்கை காட்டியது. முடக்குவாதத்துக்காக மாதக்கணக்கில் கார்ட்டிசோன் எடுத்துவந்த ஒருவருக்கு, அறுவை சிகிச்சைக்கு முன் மருந்து நிறுத்தப்பட்டது. அறுவைக்குப் பின் இரத்த அழுத்தம் வீழ்ந்து அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன. அடுத்த ஆண்டு ஹென்சின் சக மருத்துவர் ஸ்லோகம்ப், மருந்தைக் குறைக்கும்போது நோயாளிகளுக்கு வரும் உடல்வலி, அசதி, மனச்சோர்வு ஆகியவற்றைத் தனியாக எழுதிவைத்தார். அவை எல்லாமே பழைய நோய் திரும்புவதன் அடையாளம் அல்ல, மருந்து இறங்குவதாலும் வரும் என்று அவர் காட்டினார்.

தூங்கும் சுரப்பி

மருந்தாளர் அக்கா எனக்கு இதை ஓர் உவமையால் விளக்கினார். வீட்டுக்கு நாள்தோறும் வெளியிலிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருந்தால், வீட்டு அடுப்பை யாரும் பற்ற வைக்கமாட்டார்கள். ஓராண்டு கழித்துத் திடீரென்று சாப்பாடு நின்றால், அன்று மதியமே சோறு கிடைக்காது. எண்ணெய் இருக்காது, அரிசி இருக்காது, அடுப்பே துருப்பிடித்திருக்கும்.

உடம்பிலும் இதுதான் நடக்கிறது. அட்ரீனல் சுரப்பி நாள்தோறும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. விடியற்காலையில் அதிகம், இரவில் குறைவு. இரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சலையும் காயத்தையும் தாங்கும் வலிமை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்ற கட்டளை மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. பிரெட்னிசோலோன் இந்தக் கார்ட்டிசோலின் நெருங்கிய உறவு. வெளியிலிருந்து அது நிறைய வரும்போது மூளை கட்டளையை நிறுத்திவிடுகிறது. கட்டளை இல்லாத அட்ரீனல் தூங்கிப் போகிறது. அம்மா மாத்திரையை நிறுத்திய அன்று அவர் உடம்பில் வெளிச்சாப்பாடும் இல்லை, வீட்டு அடுப்பும் எரியவில்லை.

தூங்கும் சுரப்பி விழிக்கச் சிலருக்குச் சில வாரம் போதும். சிலருக்கு ஆறு மாதம், ஓராண்டுகூட ஆகும். அதனால்தான் மருந்தைப் படிப்படியாக இறக்குகிறார்கள்.

படிப்படியாக இறங்கியது

மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்துமா போன்றவற்றுக்கு மூன்று வாரத்துக்கும் குறைவாகச் சாப்பிட்ட மாத்திரையைப் பெரும்பாலும் டாக்டர் சொன்ன நாளில் அப்படியே நிறுத்திவிடலாம். அதற்கு மேல் போனால் கவனம் வேண்டும். அளவு அதிகமாக இருக்கும்போது சற்று வேகமாகக் குறைப்பார்கள். நாளுக்கு 4 முதல் 6 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்பது உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசோலுக்கு ஏறக்குறைய சமம். அந்த இடத்துக்கு வந்ததும் நடை மெதுவாகிவிடும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள், அல்லது காலையில் இரத்தம் எடுத்துக் கார்ட்டிசோல் அளவைப் பார்த்து, சுரப்பி விழித்துவிட்டதா என்று அறிந்து முடிவு செய்வார்கள்.

அம்மாவுக்கு முதலில் மூட்டுவாதத்தைக் கட்டுப்படுத்த வேறொரு மருந்து தொடங்கினார்கள். ஸ்டீராய்டு விலகும்போது நோயைப் பிடித்துவைக்க இன்னொரு கை வேண்டும் அல்லவா? பிறகு இரண்டு மாத்திரை ஒன்றரை ஆயிற்று. வாரங்கள் கழித்து ஒன்று ஆயிற்று. அங்கே பல மாதம் நின்றோம். முதல் இரத்தப் பரிசோதனையில் சுரப்பி இன்னும் எழவில்லை என்று தெரிந்தது. அம்மாவுக்குச் சலிப்பு வந்தது. முகம் வடிந்துவிட்டது, இன்னும் எதற்கு இந்த ஒரு மாத்திரை என்று கேட்டார். நான் அடுப்பு உவமையைச் சொன்னேன். அடுப்படியிலேயே வாழ்ந்தவருக்கு அது உடனே புரிந்தது.

மழைக்காலத்தில் ஒருமுறை காய்ச்சல் வந்தது. ஆரோக்கியமான உடம்பு காய்ச்சலின்போது தானாகவே கூடுதல் கார்ட்டிசோல் சுரக்கும். அம்மாவின் சுரப்பியால் அது முடியாது. டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தபடி, அந்தச் சில நாள்களுக்கு மட்டும் மாத்திரையை இரட்டிப்பாக்கி, காய்ச்சல் விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பினோம். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். தான் ஸ்டீராய்டு எடுப்பவர் என்று எழுதிய சிறு அட்டை ஒன்று அம்மாவின் பணப்பையில் எப்போதும் இருந்தது. பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுவார்.

இந்த அட்டவணை என் அம்மாவுக்கு மட்டும் உரியது. நோய், மருந்தின் அளவு, சாப்பிட்ட காலம் ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் அது மாறும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமே மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

நம் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். மூட்டுவலிக்கு ஒரே இரவில் பலன் தரும் என்று விற்கப்படும் பதிவில்லாத பாரம்பரிய மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. அதைச் சாப்பிடுபவருக்குத் தான் ஸ்டீராய்டு எடுப்பதே தெரியாது. தெரியாமல் எடுத்து, தெரியாமல் நிறுத்துவார். அம்மாவுக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும். டாக்டருக்கோ காரணம் பிடிபடாது. மருந்துப் பெட்டியில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படிப்பட்ட மருந்தை ஏற்கனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால், தூக்கி எறிந்துவிட்டுச் சும்மா இருக்காமல் பெட்டியோடு டாக்டரிடம் போங்கள்.

கொசுவும் ஒரு கதையும்

ஹென்சின் வாழ்க்கையில் மூட்டுவாதம் மட்டும் இல்லை. 1900இல் கியூபாவில் வால்டர் ரீட் குழுவினர் மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்று நிரூபித்தார்கள். ஏடிஸ் வகையைச் சேர்ந்த அதே கொசுதான் இன்று பினாங்கில் டெங்கியைப் பரப்புகிறது. அந்தச் சோதனைக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்த தொண்டர்களை உலகம் மறந்துவிடக் கூடாது என்று ஹென்ச் நினைத்தார். உயிரோடு இருந்தவர்களைத் தேடிக் கடிதம் எழுதினார். சோதனை முகாம் இருந்த இடத்தைக் கண்டறியப் பாடுபட்டார். அவர் ஆண்டுக்கணக்கில் திரட்டிய கடிதங்களும் ஆவணங்களும் இன்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு நோயாளி சொன்ன சிறு தகவலைப் பத்தொன்பது ஆண்டு பின்தொடர்ந்தவர், பிறர் செய்த தியாகத்தையும் அதே பொறுமையோடு பின்தொடர்ந்தார்.

1957இல் மேயோ கிளினிக்கிலிருந்து ஓய்வு பெற்றார். 1965 மார்ச் 30ஆம் தேதி, ஜமைக்காவுக்கு விடுமுறையில் சென்றிருந்தபோது, நிமோனியா கண்டு இறந்தார். வயது 69. அவர் தேடிய எக்ஸ் என்ற பொருளின் வழித்தோன்றல்கள் இன்று ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயிலும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவரின் மாத்திரைப் பெட்டியிலும் இருக்கின்றன. எத்தனையோ உயிர்களை அவை காப்பாற்றுகின்றன. ஆகவே ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயந்து எறிய வேண்டியதில்லை. எப்படித் தொடங்குவது என்று கேட்கும் அக்கறையோடு, எப்படி முடிப்பது என்றும் முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

மாணவ நண்பர்களே, வீட்டில் பெரியவர்கள் யாராவது நீண்ட காலமாக மாத்திரை சாப்பிட்டால், அவற்றின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். அன்று அப்படி ஒரு தாள் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் நான் சீரக டப்பாவுக்குப் பின்னால் தேடியிருக்க வேண்டாம். அவர்கள் மாத்திரையை வெறுத்தால் திட்டாதீர்கள். ஏன் வெறுக்கிறார்கள் என்று கேளுங்கள். அம்மாவின் வருத்தம் வட்டமாகிப்போன முகம்தான். அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த தைப்பூசத்தின்போது அம்மா நாளுக்கு அரை மாத்திரையில் இருந்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பால்குடம் எடுத்தார். அன்று காலை மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டார். தண்ணீர்மலை வரை நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன். என் தோள்பையில் தண்ணீர்ப் புட்டியும், மாத்திரைகளும், அந்தச் சிறு அட்டையும் இருந்தன. அதற்கு அடுத்த ஜூன் மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, இனி அந்த அரை மாத்திரையும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அம்மா நம்பாமல் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.